கூட்டமாய் வரும் நாயகர்கள்: விசில் யாருக்கு, கண்ணீர் யாருக்கு?

2012 கோடையில் சென்னைத் தியேட்டர்களில் ஒரு வேடிக்கை நடந்தது. மார்ச் 16ஆம் தேதி சிவாஜியின் 'கர்ணன்' டிஜிட்டலில் மெருகேற்றப்பட்டு மறுபடியும் ரிலீஸ் ஆனது. 1964 பொங்கலுக்கு வந்த படம். சரியாக ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 27ஆம் தேதி, மார்வெல்காரர்களின் 'அவெஞ்சர்ஸ்' வந்தது. இரண்டும் ஒரே ஊரில் ஒரே சமயத்தில் ஓடின. கர்ணன் நூறு நாளையும் தாண்டியது.

யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஜாதிப் படங்கள்தான். வரம் வாங்கியவர்கள், விசேஷ ஆயுதம் வைத்திருப்பவர்கள், தெய்வத்துக்குப் பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையில் கூடி ஒரு பெரிய யுத்தத்தில் முடிகிறார்கள். ஆனால் ஒன்றில் ஜனங்கள் அழுதார்கள், மற்றதில் விசில் அடித்தார்கள்.

என் வகுப்பில் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. "இந்தக் கூட்டுப் படங்களில் ஆள்தான் நிறைய, மனுஷன் ஒருத்தனும் இல்லை" என்பது ஒரு கட்சி. "2019ல் அயர்ன்மேன் செத்தபோது அழாதவன் கல்நெஞ்சன்" என்பது இன்னொரு கட்சி. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அலுத்துப் போய், கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டினேன். அதன் விளைவுதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரமாகப் பிறந்த கூட்டணி

சூப்பர் ஹீரோக்களை ஒரே மேஜையில் உட்கார வைக்கும் யோசனை ஹாலிவுட்டில் பிறக்கவில்லை. 1940ல் அமெரிக்காவில் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' மூன்றாம் இதழில் 'ஜஸ்டிஸ் சொசைட்டி' என்ற கூட்டணி வந்தது. இதில் ஒரு சுவாரசியமான விதி இருந்தது. ஒரு ஹீரோவுக்குத் தனிப் புத்தகம் கிடைத்துவிட்டால் அவர் 'கௌரவ உறுப்பினர்' ஆகி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சூப்பர்மேனும் பேட்மேனும் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். தனிப் புத்தகம் இல்லாதவர்களை வாசகனுக்குப் பழக்கப்படுத்துவதுதான் அந்தப் புத்தகத்தின் வேலை.

அதாவது கூட்டணி என்பது முதலில் ஒரு சாம்பிள் பாக்கெட். வணிகவியல் படிப்பவனுக்கு இது உடனே புரியும். பத்து சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினால் எது பிடிக்கிறதோ அதை முழுசாக வாங்குவான்.

1961ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கொண்டுவந்தபோது இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். கூட்டணியில் இருப்பவர்களைக் குடும்பமாக்கினார்கள். வீட்டில் சண்டை போட்டுக்கொள்கிற, கோபித்துக்கொண்டு வெளியே போகிற சூப்பர் ஹீரோக்கள். அவெஞ்சர்ஸ் காமிக்ஸ் 1963ல் வந்தது. ஆக, சாம்பிள் பாக்கெட்டா, குடும்பமா? இந்தக் கேள்வி சினிமாவுக்கு வருமுன்பே இருந்தது.

எங்கள் பக்கத்துக் கூத்து

இதே சிக்கலை நம் ஊர்க்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்க்க அமெரிக்கா வரை போகவேண்டாம். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள கிராமத்துக்குத் திருவிழாச் சமயத்தில் போனால் போதும். பகலில் வில்லிபாரதம் வாசித்துப் பிரசங்கம், ராத்திரி பாரதக் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் சிப்காட் கம்பெனிகள் வந்து நிலம் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனாலும் கூத்து நடக்கும் ஊரில் ஷிப்ட் முடித்து வருகிறவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சாப்பாட்டுப் பையோடு நின்று பார்ப்பதை இன்றும் காணலாம்.

மகாபாரதத்தை விடப் பெரிய கூட்டுக் கதை உலகத்தில் இல்லை. பாண்டவர் ஐந்து பேர், கௌரவர் நூறு பேர், அது போக பீஷ்மர், துரோணர், கர்ணன், கிருஷ்ணன், அபிமன்யு, கடோத்கஜன்... இத்தனை பேரையும் ஒரே ராத்திரியில் ஆடமுடியுமா? கூத்துக்காரர்கள் அந்த முயற்சிக்கே போகவில்லை. கதையைக் கூறுபோட்டார்கள். பகடை துகில் ஒரு ராத்திரி. அர்ச்சுனன் தபசு ஒரு ராத்திரி. கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதம், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ராத்திரி. அந்த ராத்திரி அந்த ஆளுக்குச் சொந்தம்.

இன்றைய சினிமாவின் ஹீரோ எண்ட்ரிகூட கூத்தில் உண்டு. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்வார்கள். வேஷக்காரர் பின்னால் நின்று தன் பெருமையைத் தானே பாடுவார். சலங்கைச் சத்தம் கேட்கும், கிரீடத்தின் நுனி தெரியும், ஆள் தெரியாது. கட்டியங்காரன் "நீ யார்? எந்த ஊர்?" என்று வம்புக்கு இழுப்பான். அப்புறம்தான் திரை விலகும். விசில் அந்த இடத்துக்கு.

ஆனால் கூத்து எண்ட்ரியோடு நிற்பதில்லை. கர்ண மோட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யுத்தத்துக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அவனை மதிக்காதவள் அவள். இருவருக்கும் தர்க்கம் நடக்கிறது, பாட்டும் வசனமுமாக, நெடுநேரம். கர்ணனின் பிறப்பு ரகசியம் தெரிந்து அவள் மனம் மாறும்போது அவனுக்கு நேரம் முடிந்துவிட்டது. போய்விடுகிறான்.

இந்தப் பொன்னுருவி வியாசரிடம் கிடையாது. நம் ஜனங்கள் சேர்த்தது. ஏன் சேர்த்தார்கள்? கவச குண்டலமும் நாகாஸ்திரமும் கர்ணனை வியக்க வைக்கும். அவனுக்காக வருத்தப்பட வேண்டுமென்றால், அவன் போனால் வெறிச்சோடுகிற ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டைக் கட்டத்தான் பொன்னுருவி வந்தாள் என்று நினைக்கிறேன்.

வில்லனுக்குக்கூட இந்த மரியாதை உண்டு. படுகளத்தன்று மண்ணால் பிரம்மாண்டமான துரியோதனன் உருவம் செய்து படுக்க வைப்பார்கள். தொடை பிளந்து திரௌபதி கூந்தல் முடித்த பிறகு, காந்தாரி வேஷம் ஒப்பாரி பாடும் ஊர்களும் உண்டு. ராத்திரி பூராவும் அவனைத் திட்டிய ஜனம் அவனுக்காகவும் கொஞ்சம் கலங்கும்.

பாண்டவர் இல்லாத பாரதம்

கூத்தில் பல ராத்திரிகள் உண்டு. சினிமாவில் இருப்பது மூன்று மணி நேரம். அப்போது என்ன செய்வது? 1957ல் விஜயா நிறுவனம் எடுத்த 'மாயாபஜார்' ஒரு பதில் சொன்னது. கே.வி.ரெட்டி இயக்கத்தில் தெலுங்கு, தமிழ் என்று இரண்டு மொழியிலும் எடுக்கப்பட்ட படம். எங்கள் பக்கம் ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, ஆந்திரா. இரண்டு பாஷையும் கலந்து பேசுகிற ஊர்கள். மாயாபஜார் வந்த சமயத்தில் திருத்தணியே ஆந்திராவில் இருந்தது, 1960ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இரு மொழியில் ஒரு படம் என்பது எங்களுக்கு இயல்பான சமாச்சாரம்.

அந்தப் படத்தில் கிருஷ்ணன் உண்டு (என்.டி.ராமராவ்), பலராமன் உண்டு, கடோத்கஜன் உண்டு (எஸ்.வி.ரங்காராவ்), அபிமன்யு உண்டு (தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் நாகேஸ்வர ராவ்). துரியோதனன் கோஷ்டியும் உண்டு. ஆனால் படம் முழுக்கத் தேடினாலும் பாண்டவர் ஐந்து பேரில் ஒருவர்கூடத் திரையில் வரமாட்டார்கள்! மகாபாரதப் படத்தில் தர்மன் இல்லை, பீமன் இல்லை, அர்ச்சுனன் இல்லை. அவர்கள் நாடிழந்து போனதைப் பற்றிப் பேசுவார்கள், அவ்வளவுதான்.

இன்றைய கணக்கில் இது அயர்ன்மேன், கேப்டன் அமெரிக்கா, தோர் மூவரும் இல்லாமல் அவெஞ்சர்ஸ் எடுப்பது மாதிரி. எந்தத் தயாரிப்பாளர் சம்மதிப்பார்?

ஆனால் அவர்களை வெளியே வைத்ததால் உள்ளே இடம் கிடைத்தது. இரண்டு குழந்தைகளுக்குச் சின்ன வயதில் பேசி வைத்த கல்யாணம், சொத்து போனதும் மாறுகிற சொந்தக்காரர் முகம், பெண்ணின் அம்மாவுக்குப் பணக்காரச் சம்பந்தத்தில் ஆசை. இது எல்லார் வீட்டிலும் நடக்கும் கதை. கடோத்கஜனின் மாய வித்தை எல்லாம் அந்தக் கல்யாணத்தை மீட்கத்தான் செலவாகிறது. அவன் வத்சலா உருவத்தில் போய் உட்காரும்போது, சாவித்திரி பெண் உடம்புக்குள் ராட்சசன் இருப்பதை நடித்துக் காட்டுவார். சக்தியைக் காட்டும் காட்சியே ஆளைக் காட்டும் காட்சியாகவும் ஆகிவிடுகிறது. கல்யாண விருந்தை ஒற்றை ஆளாகத் தின்று தீர்க்கும் கடோத்கஜனை இன்றும் குழந்தைகளுக்குப் பிடிக்கிறதென்றால், அவன் பலசாலி என்பதால் இல்லை. தம்பிக்காக வேலை மெனக்கெட்டு வந்த அண்ணன் என்பதால்.

பி.ஆர்.பந்துலு 1964ல் வேறு வழி எடுத்தார். கூட்டம் முழுவதையும் வைத்துக்கொண்டு, கேமராவை மட்டும் தோற்கிறவன் பக்கத்தில் நிறுத்தினார். முத்துராமனின் அர்ச்சுனனும் ராமராவின் கிருஷ்ணனும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் நாம் கர்ணன் தோளுக்குப் பின்னாலிருந்து அவர்களைப் பார்க்கிறோம். தாய் குந்தி வருவதும், நண்பன் துரியோதனனுக்குப் பட்ட கடனும் அவனை இரண்டு பக்கமும் இழுக்கின்றன. முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் அழுதார்கள், 1964லும் 2012லும்.

நற்பெயர் கணக்கு

இப்போது மார்வெலுக்கு வருவோம். 2012 அவெஞ்சர்ஸ் 143 நிமிடப் படம். ஹீரோக்கள் ஆறு பேர். சமமாகப் பங்கு போட்டால் ஆளுக்கு 24 நிமிடம்கூட இல்லை, அதிலும் சண்டைதான் அதிகம். அப்படியிருந்தும் ஜனங்களுக்கு ஒட்டியது. காரணம், அது மார்வெல் வரிசையில் ஆறாவது படம். 2008ல் அயர்ன்மேன், ஹல்க், 2010ல் அயர்ன்மேன் இரண்டாம் பாகம், 2011ல் தோர், கேப்டன் அமெரிக்கா. ஆளுக்கொரு ராத்திரி கொடுத்துவிட்டுக் கடைசியில் பதினெட்டாம் போர் ஆடினார்கள். நம் கூத்து வாத்தியார்கள் கேட்டால் சிரிப்பார்கள் :-)

எங்கள் கணக்குப் பாடத்தில் 'நற்பெயர்' என்று ஒன்று வரும். ஒரு கடை பல வருடம் ஒழுங்காக வியாபாரம் செய்து சம்பாதித்த பெயரை அதன் கணக்கில் சொத்தாக எழுதக்கூடாது. அந்தக் கடையை இன்னொருவர் விலைக்கு வாங்கும்போது, சொத்து மதிப்புக்கு மேல் கொடுக்கிற பணம்தான் நற்பெயராக ஏட்டில் ஏறும். கூட்டுப் படம் எனக்கு அந்த வாங்குகிறவரைப் போலத் தெரிகிறது. தனிப் படங்கள் மெள்ள மெள்ளச் சேர்த்த பிரியத்தை அது ஒரே நாளில் செலவு செய்கிறது. சேர்த்து வைக்காததைச் செலவு செய்ய முடியாது.

2017ல் 'ஜஸ்டிஸ் லீக்' அதைத்தான் செய்யப் பார்த்தது. அக்வாமேன், ஃப்ளாஷ், சைபார்க் மூவருக்கும் அதுவரை தனிப் படமே இல்லை. இரண்டு மணி நேரத்தில் எல்லோரையும் அறிமுகப்படுத்தி உலகத்தையும் காப்பாற்ற வேண்டும். 2021ல் வந்த 'எடர்னல்ஸ்' பத்துப் புது ஹீரோக்களை ஒரே படத்தில் இறக்கியது. பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் பத்துப் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

எண்ட்கேமின் தமிழ் டப்பிங்கிலும் இதே பாடம் இருந்தது. 2019ல் வசனத்துக்கு ஏ.ஆர்.முருகதாஸ், அயர்ன்மேன் குரலுக்கு விஜய் சேதுபதி, பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா என்று பெரிய பெயர்களைக் கொண்டுவந்தார்கள். விஜய் சேதுபதி நல்ல நடிகர், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ரசிகர்களில் பலர் கோபித்துக்கொண்டார்கள். முந்தைய தமிழ்ப் படங்களில் கேட்டுப் பழகிய குரல்தான் அவர்களுக்கு டோனி ஸ்டார்க். பழகியதற்குப் பதிலாகப் பிரபலத்தை வைத்தால் ஒட்டவில்லை.

ஆனால் நேரம் மட்டும்தானா?

இங்கே என் வாதத்துக்கு எதிரான ஒரு சாட்சியையும் கூப்பிட வேண்டும். 2014ல் வந்த 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி'. ஐந்து பேர், ஒருவருக்கும் முன்கதைப் படம் கிடையாது. அதில் ஒன்று மரம், ஒன்று ரக்கூன். படமும் இரண்டே மணி நேரம். ஆனால் அந்த மரம் தன் கிளைகளைக் கூடாகப் பின்னி மற்றவர்களைக் காப்பாற்றும் இடத்தில் தொண்டை அடைக்கிறது.

ஆகவே நிமிடக் கணக்கு மட்டும் போதாது. மரத்துக்குக் கூட்டாளி ரக்கூன், ரக்கூனுக்கு அந்த மரத்தை விட்டால் யாருமில்லை. பொன்னுருவி செய்த வேலையை இங்கே அவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிறார்கள். ஜஸ்டிஸ் லீக்கும் இதையே நிரூபித்தது. 2021ல் ஸாக் ஸ்னைடரின் நான்கு மணி நேரப் பதிப்பு வந்தபோது, பலருக்கும் மனதில் நின்றவன் சைபார்க்தான். கூடுதல் நேரம் அவனுக்குக் கூடுதல் சண்டையாகப் போகவில்லை, அப்பாவோடு இருந்த மனக்கசப்பாகப் போனது. 2018 'இன்ஃபினிட்டி வா'ரில் தானோஸ் நிற்பதற்கும் அவன் மகள்தான் காரணம்.

நம்மூர் உதாரணம் இன்னும் தெளிவு. 2019 'கைதி'யில் டில்லிக்கு ஒரே ஒரு வேலைதான்: இதுவரை பார்க்காத மகளைப் போய்ப் பார்க்க வேண்டும். லோகேஷ் கனகராஜ் அந்த உலகத்தை 2022ல் 'விக்ரம்' படத்தில் பெரிதாக்கினார். கமல், விஜய் சேதுபதி, பகத் பாசில், கடைசியில் சூர்யா. ரோலக்ஸ் வந்தபோது தியேட்டர் அதிர்ந்தது, உண்மை. ஆனால் மறுநாள் எல்லோரும் பேசியது ஏஜென்ட் டினாவைப் பற்றியும்தான். அதில் நடித்த வசந்தி பல வருடம் சினிமா நடனக் குழுவில் இருந்தவர், போஸ்டரில் தேடவேண்டிய முகம். வீட்டு வேலைக்காரம்மாவாகப் படம் பூராவும் ஓரத்தில் இருந்தவர், ஒரு குழந்தையைக் காப்பாற்ற எழுந்து நின்று, சண்டை போட்டு, செத்துப் போகிறார். ரோலக்ஸுக்கு விசில் கிடைத்தது. கண்ணீர் டினாவுக்குப் போனது.

செத்தவர் திரும்பி வந்தால்?

கடைசியாக ஒன்று. இன்ஃபினிட்டி வார் முடிவில் பாதிப் பேர் தூசியாகிப் போனார்கள். ஸ்பைடர்மேன் கரையும்போது அரங்கமே மௌனம். ஆனால் அடுத்த ஸ்பைடர்மேன் படம் வரப்போகிறது என்பது உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சாவுக்கும் தவணை வைத்துவிட்டார்கள். 2019ல் டோனி ஸ்டார்க் நிஜமாகவே செத்தார். 2024ல் அதே ராபர்ட் டவுனி ஜூனியர் 'டாக்டர் டூம்' ஆக வருவார் என்று மேடையில் அறிவித்தார்கள். வேறு பாத்திரம்தான். ஆனால் நாம் வழியனுப்பிய முகம் அது.

கூத்தில் அபிமன்யுவும் கர்ணனும் வருடா வருடம் சாகிறார்கள். அடுத்த வருடம் அதே வேஷம் மறுபடி வரும். ஆனால் கதைக்குள் ஒருமுறைகூட அவர்களைப் பிழைக்க வைத்ததில்லை. ஊரே வேண்டிக்கொண்டாலும் சக்கர வியூகத்திலிருந்து அபிமன்யு வெளியே வரமாட்டான். அந்தக் கண்டிப்பை நம்பித்தான் ஜனம் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே என் வகுப்பின் இரண்டு கட்சிக்கும் என் தீர்ப்பு இதுதான். கூட்டுப் படங்களால் நல்ல பாத்திரங்களைத் தரமுடியும், முடியாது என்பது தப்பு. ஆனால் அவற்றின் இயல்பான போக்கு சாம்பிள் பாக்கெட் பக்கம்தான். மீண்டு வருவதற்கு மூன்று காரியம் வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு ராத்திரி கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் மாயாபஜார் போல ஐந்து பேரை வாசலில் நிறுத்தும் துணிச்சல் வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னுருவி வேண்டும். செத்தவர் செத்தவராக இருக்க வேண்டும்.

இதில் நஷ்டப்படப் போவது நாம்தான். விசில் அடித்துப் பழகினால் எண்ட்ரி மட்டும் போதும் என்று ஆகிவிடும், தயாரிப்பாளர்களும் அதையே தருவார்கள், ஏனென்றால் அதுதான் மலிவு. அடுத்த கூட்டுப் படத்துக்குப் போகும்போது ஒன்று செய்து பாருங்கள். வெளியே வந்ததும், "இவர்களில் யார் போனால் யார் வீடு வெறிச்சோடும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிலாக ஒரே ஒரு பெயர் வந்தாலும் டிக்கெட் காசு வீண் இல்லை.

பி.கு.: பாரதக் கூத்து முழுசாகப் பார்க்காத நண்பர்கள் கர்ண மோட்சத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போங்கள், விடிய நேரமாகும்.